முட்டை ஜன்னலில் ஒரு கைக்குட்டை

ஜெசிந்தா மேடத்துக்கு அன்று வால் முளைத்திருந்தது. கருவியல் நடத்தும் பருவத்தில் இது வழக்கம். சென்ற வாரம் செவுள்கள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

விலங்கியல் ஆய்வகத்தில் அவரவர் முட்டையின் ஓட்டில் ஜன்னல் வெட்டினோம். இரண்டு நாள் அடைகாப்புப் பெட்டியில் இருந்த முட்டைகள். உள்ளே கோழிக்கருவின் இதயம் துடிக்க வேண்டும். வகுப்பு முடிவதற்குள் துடிக்காத முட்டை ஆய்வக உதவியாளர் அருள்மணி அண்ணனுக்குப் போய்விடும். அவர் அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டார்.

என் தோழி இசக்கியின் முட்டை துடித்தது. பக்கத்து மேசையில் எல்லாம் துடித்தது. என் முட்டையில் மஞ்சள் கரு மட்டும் இருந்தது.

"ஏட்டி, இத எங்க வாங்கின?" என்றாள் இசக்கி.

"மளிகைக் கடையில."

"நாட்டுக்கோழி முட்டைன்னு மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்லா? கடை முட்டை சேவலையே பாத்திருக்காது."

"வெள்ளையா, சுத்தமா இருந்துச்சுட்டி."

அருள்மணி அண்ணன் எட்டிப் பார்த்தார். "வெங்காயம் அரிஞ்சாச்சு பாப்பா."

நான் முட்டையைக் கையால் மறைத்தேன். வேளை தவறாமல் அதைத் திருப்பி வைத்தவள் நான். பெயர்கூட யோசித்திருந்தேன்.

மேடம் வாலை ஒதுக்கிக்கொண்டு வந்து லென்ஸ் வழியே பார்த்தார்.

"காலியா இருக்கு."

"ஆமா மேடம்."

"பஸ்ல சீட்டு காலியா இருந்தா என்ன செய்வே?"

"ஜன்னல் வழியா கைக்குட்டை போடுவேன்."

"பொறவு என்ன முழிக்க?"

போட்டேன். கைக்குட்டை மஞ்சள் கருவின் மேல் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்தோம்.

தாழ்வாரம் நீளத் தொடங்கியது. ஆள் வரும் தூரத்துக்கு ஏற்ப நீளுவது அதன் குணம். இம்முறை தாவரவியல் துறையைத் தாண்டி, மைதானத்தையும் தாண்டிப் போனது. கடைசியில் ஒரு கரு வந்தது. கொண்டைக்கடலை அளவு. கண்கள் பெரியவை. மூச்சு வாங்கியது.

"இது யாருக்குப் போட்ட இடம்?"

"உனக்குத்தான்," என்றேன்.

"ஒத்தையிலயா போகணும்?"

"ஆமா."

"எவ்வளவு தூரம்?"

"மூணு வாரம்."

கரு ஏறி உட்கார்ந்தது. கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டியது. இதயம் மட்டும் துடிக்கவில்லை.

"கிளம்ப வேண்டியதுதானே?" என்றேன்.

"பயமா இருக்கு."

தோசைக்கல்லில் எண்ணெய் புகைந்தது.

"பாவம்தான்," என்றார் அருள்மணி அண்ணன். "ஆனா கல்லு காஞ்சிட்டே."

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றேன் கருவிடம்.

வலது காலை முதலில் வைத்தேன். ஜன்னல் சின்னது. இடுப்பு மாட்டிக்கொண்டது. இசக்கி பின்னாலிருந்து தள்ளினாள்.

"மூதி, மத்தியானம் ரெண்டு தட்டுச் சோறு தின்னா இப்பிடித்தான்."

அடுத்த தள்ளலில் உள்ளே விழுந்தேன். அவள் என் பையையும் செருப்பையும் எடுத்துக் கொடுத்தாள்.

கரு என் மேல் சாய்ந்துகொண்டது. அதன் இதயம் ஒருமுறை துடித்தது. யோசித்தது. மறுபடி துடித்தது. பிறகு நிறுத்தவில்லை.

ஜன்னலில் மேடத்தின் கண் தெரிந்தது. குளம் அளவு. "துடிக்குது!" என்று கத்தினார். எல்லா மேசையிலும் தாளம் போட்டார்கள். அருள்மணி அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு, கண்டக்டர் மாதிரி இரண்டு விசில் கொடுத்தார்.

இசக்கி செல்லோடேப்பால் ஜன்னலை ஒட்டினாள். உள்ளே இருட்டவில்லை. ஓட்டின் வழியே வெயில் வந்தது. மஞ்சள் கருவின் மேல் சிவப்புச் சாலைகள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடின. எல்லாம் புதிதாகப் போட்டவை.

"எங்க இறங்கணும்?" என்று கரு கேட்டது.

"வழியில எங்கயும் நிக்காது," என்றேன்.

அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கவாட்டில் ஒரு சிறகு முளைத்து என் விலாவில் இடித்தது. அதற்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டேன்.