ஆறாவது பாடம்

தலையணைக்கு அடியில் அம்மாவின் போன் மறுபடியும் அதிர்ந்தது. அம்மாவின் தலையை மெல்லத் தூக்கி அதை உருவி எடுத்தாள் மூத்த மகளான தையற்காரி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"யாருக்கா?" என்றாள் தங்கை.

"யாருமில்ல. கம்பெனி மெசேஜ்."

வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், சும்மா இருந்த நாற்காலியை நகர்த்தினாள். இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி வர அரை மணி நேரம். சாயங்கால ரயிலுக்குத் தங்கை கிளம்பிவிடுவாள். நாலு மாதமாகத் தொண்டையில் நிற்பதை இன்றைக்காவது சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் போய் எப்படிச் சொல்வது?

அம்மாவுக்கு வந்த மார்புப் புற்றுநோய் பரம்பரையாக வருவதா என்று பார்க்க ரத்தம் எடுத்த ஆஸ்பத்திரி, விளக்கிச் சொல்ல ஆறு வீடியோப் பாடங்களைப் போனுக்கு அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் 'புரிந்தது' என்று ஒரு பொத்தான். அம்மா பயந்துவிடுவாள் என்று முதல் ஐந்தையும் இவளே சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டி, ஐந்து தடவையும் 'புரிந்தது' என்று அழுத்தினாள். "எல்லாம் சாப்பாட்டு விஷயம்மா" என்று சொல்லிவைத்தாள். முடிவும் இவள் கையில்தான் வந்தது. பரம்பரைக் கோளாறுதான், மகள்கள் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தங்கையிடம் மூச்சுவிடவில்லை. தானும் போகவில்லை. பெரிய கெட்டிக்காரி!

குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு செய்தியைத் திறந்தாள். 'ஆறாவது பாடத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை: மகள்களிடம் எப்படிச் சொல்வது?' அதன் கீழே கேள்விப் பெட்டி. அதில் அம்மா பேசிப் பதிந்திருந்த கேள்வி, மூன்று வாரத்துக்கு முந்தையது.

"டாக்டரம்மா, அஞ்சு பாடமும் பாத்துட்டேன். பெரியவ தையல் மெஷின்ல உக்காந்ததும் திருப்பிப் போட்டுப் பாப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. முப்பது வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவ நான், எங்கிட்டயேவா! சின்னவகிட்ட சொல்லிட்டேன், அவ டெஸ்ட்டும் எடுத்துட்டா. பெரியவதான்... என்னைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கா. எனக்குத் தெரியும்னு சொன்னா ஒடஞ்சிடுவா. அவளுக்கு எப்படிச் சொல்றது?"

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். தங்கை போனைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுட்டியா?"

"டெஸ்ட்ல உனக்கு என்னடி வந்துச்சு?"

"எனக்கு இல்லக்கா." ஏதோ திருடிவிட்டவளைப் போலச் சொல்லிவிட்டு அழுதாள். "நீ எப்பக்கா டெஸ்ட்டுக்கு வருவே?"

எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். தங்கையும் ஒட்டி உட்கார்ந்து, ஆறாவது பாடத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. "எங்கம்மா போயிட்டீங்க ரெண்டு பேரும்?" என்று சித்தப்பா கூப்பிட்டார்.

பாடம் முடிந்து 'புரிந்தது' பொத்தான் வந்தது. தங்கை போனை நீட்டினாள்.

"இன்னொரு தடவை போடு" என்றாள் அக்கா.