கரண்டி கிட்டாரும் பிளக் பாயின்ட் நாற்காலியும்

அன்று எங்கள் இசைக்குழுவின் ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். இடம், பஸ் டிப்போவின் பயிற்சிக் கூடம். கரும்பலகைக்குக் கீழே, மேசைமேல் கீபோர்டை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவுத் தலைவர். எங்களுக்கு அவர் கணக்கு சார். அவருக்கு இடப்பக்கம், டிரம்ஸுக்குப் பின்னால், வெல்டர். நடுவில், எழுதுபலகை உடைந்த நாற்காலியில், டிக்கெட் கவுண்டர் அக்கா; குழுவில் பாடுகிறவர் அவர் ஒருவர்தான். ஜன்னலை ஒட்டி, பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் நான். கதவோரமாக, தேய்ந்துபோன ஒரு டயரின் மேல், என் சகலை.

முதலில் இடம், பிறகு ஆட்கள், அதற்குப் பிறகுதான் செய்தி. கடிதம் எழுதுவதற்கு எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறை அதுதான். குழுவின் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுகிறேன் என்பதால் அந்த முறை கையோடு ஒட்டிக்கொண்டது. இந்த விஷயத்துக்கு அது தேவையும்கூட. நடந்தது அத்தனையும் அந்தப் பிளக் பாயின்ட் நாற்காலிக்காக நடந்ததுதான். எங்கள் ஆம்ப்ளிஃபயரின் வயர் குட்டை. அந்த ஒரு நாற்காலி வரைக்கும்தான் எட்டும். அதில் உட்காருகிறவர் லீட் கிட்டார். தனியாக வாசிக்கும் இடங்களெல்லாம் அவருக்கு. டயரில் உட்காருகிறவர் பின்னால் இருந்து தாளத்துக்குக் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியது.

குழு தொடங்கியதிலிருந்து அந்த நாற்காலி என்னுடையது. சகலையைக் குழுவுக்குக் கூட்டிவந்ததும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவன். டிப்போவில் தூரத்து ரூட் டிரைவர். நான் அங்கேயே உதிரிபாக ஸ்டோர். அவன் குழுவில் சேர்ந்த புதிதில் இருவரிடமும் இருந்தது பெரிய கிட்டார்தான். அவனுடையது யாரிடமோ இரவல் வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுத்த மறுவாரம் அவன் ஒரு குட்டி கிட்டாரோடு வந்தான். தோளில் மாட்டுகிற துணிப்பைக்குள் அடங்கிவிடும் அளவு. உடம்பு சின்னது, கழுத்தும் குட்டை. வயர் செருக அதில் இடமே கிடையாது.

“இது கிட்டாரா, கரண்டியா?” என்று கேட்டேன். வெல்டர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சகலையும் சிரித்தான். “பேரு நல்லாத்தான் இருக்குண்ணே” என்றான். அன்றிலிருந்து அது கரண்டி. நான் வைத்த பெயரை அவன் செல்லப்பெயராக ஆக்கிக்கொண்டதில் தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

பிறகு ஸ்டோர் ஜன்னல் வழியாகச் செய்தி வரத் தொடங்கியது. வைப்பர் பிளேடு வாங்க வந்த கண்டக்டர், டீசல் போட வரிசையில் நிற்கும்போது உங்கள் சகலை ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிட்டாரை வைத்துக்கொண்டு வாசிக்கிறார் என்றார். ஃபேன் பெல்ட்டுக்கு வந்த மெக்கானிக், பஸ் கழுவுகிற இடத்தில் முறை வரும்வரை வாசிக்கிறார் என்றார். பல்புக்கு வந்த இன்னொருவர், ரயில்வே கேட் மூடியிருந்தபோது பயணிகள் கைதட்டியதைச் சொன்னார். பல் டாக்டரிடம் முறைக்காகக் காத்திருக்கும்போதுகூட, கட்டைவிரலால் சத்தமே எழாமல் தடவிக்கொண்டிருந்தானாம். இதைச் சொன்னது என் மனைவி. கேட்டவர்களுக்கெல்லாம் பொருளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொருவரும் போன பிறகு, அந்த டீசல் வரிசை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று யோசித்தேன்.

என் கிட்டாரின் கதை வேறு. கெட்டியான பெட்டிக்குள், அலமாரியின் உச்சியில், இரண்டு சூட்கேஸ்களுக்குக் கீழே அது வாசம் செய்தது. அதை எடுக்க ஸ்டூல் போட வேண்டும்; ஸ்டூலைப் பிடிக்க மனைவி வர வேண்டும்; சூட்கேஸ்களை இறக்க வேண்டும்; தூசி தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இது நடக்கும். “இது கிட்டாரா, மேல் வீட்டுக்குக் குடிவந்தவரா?” என்று ஒருமுறை மனைவி கேட்டாள். “வாரம் ஒரு தடவ கீழ வந்து நலம் விசாரிச்சிட்டுப் போறாரே.”

இனி அன்றைய ஒத்திகை. எங்கள் நிகழ்ச்சி எப்போதும் கணக்கு சார் அமைத்த ஒரு மெட்டோடுதான் தொடங்கும். அதன் நடுவில் லீட் கிட்டார் தனியாக ஓட வேண்டிய ஒரு வேகமான இடம் உண்டு. அதை நான் நிதானமாக வாசிப்பேன். நிதானம் அதற்கு ஒரு கம்பீரம் தருகிறது என்பது என் கருத்து. டீ வந்தபோது எல்லோரும் எழுந்தோம். டயரில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் எழவில்லை. கரண்டியை மடியில் வைத்து, தனக்குத்தானே, அந்த இடத்தை வாசித்தான். வாய்க்காலில் தண்ணீர் விட்ட மாதிரி ஓடியது.

கவுண்டர் அக்கா டம்ளரை வாயருகே வைத்தபடியே நின்றார். பிறகு கணக்கு சாரைப் பார்த்து, “இதுதான் அந்த மெட்டா சார்? அப்ப இத்தன நாளா நாம வாசிச்சது எது?” என்றார்.

யாரும் சிரிக்காததுதான் எனக்கு வலித்தது. வெல்டர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, தான் எனக்காகத்தான் இத்தனை நாளும் வேகத்தைக் குறைத்து அடித்ததாகவும், அதில் தனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றும் சொன்னார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையில் யார் எங்கே உட்காருகிறார்கள், என்ன வாசிக்கிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால்தான் மைக் வைப்பார்கள். கணக்கு சார் அதை நினைவுபடுத்தினார். அடுத்த ஒத்திகையில் நாங்கள் இருவரும் அந்த இடத்தை வாசித்துக் காட்டுவது, அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதுவது என்று முடிவாகியது.

நான் எழுந்து, கரண்டியில் வயர் செருக இடமில்லாததால் அதை மேடைக்குக் கொண்டுபோக முடியாது, பெரிய கிட்டாரில் வாசிப்பதுதான் முறை, சகலைக்கு என்னுடையதையே தருகிறேன் என்று சொன்னேன். என் பெருந்தன்மையைக் கணக்கு சார் பாராட்டினார். அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குட்டிக் கழுத்தில் பழகிய விரலுக்குப் பெரிய கழுத்தில் தூரம் பிடிபடாது. அது எனக்குத் தெரியும், அதனால்தான் தந்தேன்.

நினைத்தபடியே ஆயிற்று. அடுத்த ஒத்திகையில் பிளக் பாயின்ட் நாற்காலியில் சகலை உட்கார்ந்தான். அவன் விரல்கள் கிட்டார் கழுத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நூல் முன்னாலேயே இறங்கின. கம்பி கரகரத்தது. மறுபடி தொடங்கினான், மறுபடி கரகரத்தது. பிறகு நான் வாசித்தேன், வழக்கம்போல நிதானமாக. வெல்டரும் வழக்கம்போல எனக்காகக் காத்துக்காத்து அடித்தார். “அப்ப இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்” என்றார் கணக்கு சார். சகலை, யாரோ ஒருவருடைய விரல்களைப் பார்ப்பது மாதிரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. கூடத்தக் கோணலாக்கிட்டு ஆடச் சொல்றத இன்னிக்குத்தான் பாக்கிறேன்” என்று அக்கா மைக் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் சகலை ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தான். ஹெட்லைட் பல்பு கேட்டான். கொடுத்தேன். தோளிலிருந்து துணிப்பையைக் கழற்றி ஜன்னல் பலகையில் வைத்தான்.

“இது உங்ககிட்ட இருக்கட்டும்ண்ணே.”

“எனக்கு எதுக்கு?”

“உங்க பெட்டிய இறக்கறப்ப அண்ணிக்கு முதுகு பிடிச்சிக்கிச்சாமே. வீட்டுல இவ சொன்னா. இங்க ஆள் வராத நேரத்துல வாசிக்கலாம். விழா முடியட்டும், வாங்கிக்கிறேன்.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு இது வேணாம்ண்ணே. இதுலயே வாசிச்சு வாசிச்சுத்தான் கை கெட்டுப்போச்சு.”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பையை வாங்கிப் பேட்டரி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். அன்று முழுவதும் தொடவில்லை.

மறுநாள் தொட்டேன். பிரேக் லைனிங் கேட்டு ஒருவர் போய், கண்ணாடி கேட்டு அடுத்தவர் வருவதற்குள் ஒரு துண்டு வாசிக்க முடிந்தது. ஸ்டூல் வேண்டாம், சூட்கேஸ் வேண்டாம், மனைவி வேண்டாம். எடுத்தால் கையில்; வைத்தால் அலமாரியில். ஒரு நாளில் இவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. முடிவெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருக்கும்போது வாசித்தேன். மனைவியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன இடத்தில், தாழ்வாரத்தில், கட்டைவிரலால் வாசித்தேன். கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், நிறுத்த வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். இத்தனையையும் அவன் தனியாக அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று நினைத்தபோது வயிறு புதிதாக எரிந்தது.

ஒரு நாள் அந்த வேகமான இடம் ஸ்டோருக்குள் ஓடியது. வாய்க்கால் தண்ணீர்தான். என் விரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பெட்டியை இறக்கினோம். உட்கார்ந்து அதையே வாசித்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நூல் முன்னால் என் விரல் இறங்கியது. கரகரத்தது. அவனுக்கு நான் வெட்டிய அதே குழி.

துடைப்பதற்குத் துணி தேடிப் பெட்டியின் உள்ளறையில் கையை விட்டபோது, கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப் அகப்பட்டது. அக்காவின் குரலுக்கு ஏற்றபடி சுருதியை உயர்த்த எப்போதோ வாங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். கம்பிகளை எல்லாம் இரண்டு கட்ட அளவுக்குத் தளர்த்தினேன். இரண்டாவது கட்டத்தில் கிளிப்பை மாட்டினேன். சுருதி பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஆனால் கிளிப்புக்கு இந்தப் பக்கம் கழுத்து குட்டை, கட்டங்கள் நெருக்கம், கம்பியும் இளக்கம். கரண்டியின் அளவு அப்படியே. வாசித்தேன், வந்தது.

“என்ன, திடீர்னு நல்லாருக்கு?” என்றாள் மனைவி.

“பழக்கந்தான்.”

“அவரு கிட்டாருல பழகினதா?”

நான் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் கேட்டதைத்தான் கூடத்திலும் கேட்பார்கள். மேடையில் நான் பறந்து வாசித்தால், சகலையின் கிட்டார் செய்த வேலை என்பார் வெல்டர். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். எந்த வழியில் போனாலும் கடைசியில் அவன் பெயரே வந்து நின்றது. கிளிப்பைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் நாற்காலி எனக்கு. அதை எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவன் பஸ்ஸின் கண்டக்டர் வந்து கண்ணாடி துடைக்கும் துணி கேட்டார். போன வாரம்தான் கொடுத்தேனே என்றேன். “தேஞ்சு போச்சுங்க. உங்க சகலை இப்பல்லாம் டீசல் வரிசையில நின்னா கண்ணாடிய துடைச்சிக்கிட்டே இருக்காரு. துடைச்சதையே துடைக்கிறாரு. கையச் சும்மா வச்சுக்கத் தெரியல அவருக்கு.”

துணியைக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் பெரிய பெட்டியை ஸ்டோருக்குத் தூக்கிப்போனேன். அவன் வண்டி எடுக்க வந்ததும் உள்ளே கூப்பிட்டு, பேட்டரிப் பெட்டியின் மேல் உட்காரவைத்து, கிட்டாரைக் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று மறுத்தான்.

“சகல, ரெண்டாவது கட்டத்துல கிளிப் மாட்டியிருக்கேன். கம்பியத் தளர்த்தியிருக்கேன். கரண்டின்னு நெனச்சுக்கிட்டு வாசி.”

வாசித்தான். முதல் முறையே வந்தது. பெரிய உடம்பிலிருந்து எழுந்த சத்தம் அலமாரித் தகரமெல்லாம் அதிரும்படி ஸ்டோரை நிறைத்தது. என்னைவிட நன்றாக வாசித்தான். கரண்டியில் வாசித்ததைவிடவும் நன்றாக வாசித்தான். சொல்லிக்கொடுத்த என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

“அண்ணே, இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன், முகம் ஒத்துழைக்கவில்லை. விழா வரைக்கும் பெரிய கிட்டார் உன்னிடம் இருக்கட்டும் என்றேன். கரண்டியைத் திருப்பிக் கேட்பானோ என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மேசைக்குப் போய், இன்னும் எழுதாமல் வைத்திருந்த விழாக் கடிதத்துக்குத் தாளை எடுத்தேன்.

முதலில் இடம். பிறகு ஆட்கள். நடுவில் பாடகி, அவருக்குப் பின்னால் கீபோர்டு, இடப்பக்கம் டிரம்ஸ். பிளக் பாயின்ட்டை ஒட்டிய நாற்காலி, லீட் கிட்டார்: தூரத்து ரூட் டிரைவர். இந்த வரியில் பேனா நின்றது. பின்னாலிருந்து அவன் மறுபடியும் அந்த இடத்தை வாசித்தான், இன்னும் வேகமாக. வரியை முடித்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: அவருக்குப் பக்கத்தில், துணைக் கிட்டார், உதிரிபாக ஸ்டோர். இவருடைய கருவி சிறியது, வயர் செருக இடமில்லாதது. ஆகவே இவருக்கு முன்னால் தனியாக ஒரு நல்ல மைக் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ‘நல்ல’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டேன்.

தலைமை அலுவலகத்துக்கான தபால் எங்கள் டிப்போவில் தூரத்து ரூட் பஸ்ஸில்தான் போகும். உறையின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, ஸ்டோர் முத்திரையைக் குத்தினேன். அவன் என் பெட்டியைக் கடைசி இருக்கையில் நீட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். உறையைக் கொடுத்தேன். தலைக்கு மேலிருந்த தபால் பெட்டிக்குள் அதைப் போட்டுப் பூட்டிக்கொண்டு, பஸ்ஸைக் கிளப்பினான்.