மிஸ் கோமளாவின் வாக்கு

“நான் ‘நல்லாப் பாத்துச் சொல்லு’ன்னு சொன்னா, அவதான். வெளங்குச்சா?” என்றார் என் வீட்டுக்காரர்.

கோதுமை மாவை இரண்டு உருண்டையாக உருட்டிக்கொண்டே, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். எனக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டு எரிந்தது. தில்லைநாயகம் அண்ணாச்சி வீட்டு நெல் அறையில் அப்போது நாங்கள் இருவர் மட்டும்தான். வெளியே முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து ஊரே கூடியிருந்தது. அண்ணாச்சி மகளின் இரட்டைவடச் சங்கிலியை மூன்று வாரமாகக் காணவில்லை. எடுத்தது யார் என்று நான் கண்ணைக் கட்டிக்கொண்டு அருள்வாக்குச் சொல்லப் போகிறேனாம். ‘அவ’ என்று இவர் சொன்னது அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அன்னத்தாயை. நான் வாயைத் திறந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வாசலில் அண்ணாச்சியின் ஜீப் நின்றது. ஸ்டேஷனுக்குப் போன பொம்பளை எப்படித் திரும்பி வருவாள் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

“அவதான் எடுத்தான்னு ஒங்களுக்கு ஆரு சொன்னா?”

“அண்ணாச்சி சொல்லுதாவ.”

“அப்ப அண்ணாச்சியே முத்தத்துல நின்னு சொல்ல வேண்டியதுதான? நான் எதுக்கு?”

“அவிய சொன்னா பழி. நீ சொன்னா வாக்கு. கூறுகெட்டத்தனமாப் பேசாத கோமு. ஏரல்லேருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் இனி எல்லாக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் நம்மளத்தான் கூப்பிடச் சொல்லுவேன்னு வாக்குக் குடுத்திருக்காவ. நாய் வேஷம் போட்டாச்சு, கொரச்சுத்தான் ஆவணும்.”

இந்த மனுஷர் போட்ட வேஷங்களைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். சிவசண்முகம் என்பது வீட்டுப் பெயர். மேடையில் புரொபசர் ஷண்முக். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தரம் குப்புற விழுந்தவருக்குப் புரொபசர் பட்டம் கொடுத்தது பாளையங்கோட்டையில் நோட்டீஸ் அச்சடிக்கிறவர். கறுப்புக் கோட்டு, மயிலிறகு செருகிய தலைப்பாகை, மை வைத்து நீட்டிவிட்ட மீசை. நான் மிஸ் கோமளா. கல்யாணமாகி, பெண் பிறந்து, அவள் ஏழாங்கிளாஸ் படிக்கும்போதும் நான் மிஸ்தான். மேடையில் அவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். பெட்டிக்குள் முதுகு நொறுங்க மடங்கிக் கிடப்பது நான், கைதட்டு அவருக்கு. கோபமே வந்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வரும். ஆனால் அது சோற்றில் கல் கடிபட்ட மாதிரி, துப்பிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டுவிடலாம்.

எங்கள் ஆட்டத்தில் பெரிய உருப்படி கண்கட்டு. என் கண்ணில் மாவை அப்பி, பஞ்சு வைத்து, மேலே கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு அவர் சனங்களுக்குள் இறங்கிவிடுவார். யாரிடமாவது ஒரு பொருளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்பார். அவர் கேட்கிற விதத்திலேயே பதில் இருக்கும். ‘சொல்லு’ என்றால் பேனா. ‘சட்டுனு சொல்லு’ என்றால் கடிகாரம். ‘பைய யோசிச்சுச் சொல்லு’ என்றால் மோதிரம். இப்படி நூற்றுச் சொச்சம் பொருளுக்குக் குறிப்பு வைத்திருந்தோம். அடுப்படியில் நான் தேங்காய் துருவுவேன், அவர் வாசலில் நின்று கேள்வி கேட்பார். நான் யோசித்துப் பதில் சொல்வதில்லை. கேள்வி காதில் விழுந்ததும் பதில் வாயில் வந்து நிற்கும். அப்படிப் பழக்கியிருந்தார்.

கேபிள் டிவி வந்தது, பள்ளிக்கூடங்களில் மேஜிக் ஷோ நின்றது. வேறு ஆளாக இருந்தால் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடை கண்ணிக்கு வேலைக்குப் போயிருப்பான். இவர் போகவில்லை. கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் காதிலிருந்து தாலிக்கொடி எடுத்தார். டவுனில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஆடித் தள்ளுபடிக்கு வெறும் பானையிலிருந்து சேலை சேலையாக உருவினார். போன தேர்தலில் தொப்பிக்குள்ளிருந்து கட்சிக்கொடி எடுத்தார். காலையில் ஒரு கட்சிக்கு, சாயந்தரம் எதிர்க்கட்சிக்கு. அதையெல்லாம் நானும் சிரித்துக்கொண்டு பார்த்தேன், வயிறு இருக்கிறதே. எங்கே போனாலும் அதே குரல், அதே மீசை, அதே ‘மகா ஜனங்களே’. கேட்கிற சனத்துக்கும் இது வேடிக்கை என்று தெரியும்.

சித்திரையில் இந்த ஊர்க் கொடைக்கு வந்தபோதுதான் அவர் கோட்டைக் கழற்றினார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் காவி வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, ‘அம்மன் அருள் எறங்குன மிஸ் கோமளா’ என்றார். அருள் இறங்கினவள் எப்படி ‘மிஸ்’ ஆவாள் என்று ஒரு பயல் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதே பேனா, அதே மோதிரம், அதே குறிப்புதான். ஆனால் கைதட்டு இல்லை. ஒரு கிழவி வந்து என் காலில் விழுந்தாள். மேஜிக் என்று சொல்லிவிட்டு ஏமாற்றினால் அதில் ஒரு நாணயம் இருக்கிறது. இது என்ன இழவு என்று அன்றைக்கே பஸ்ஸில் சண்டை போட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தார்.

இப்போது அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினபோதும் நான் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். ‘தெக்க போயிருக்கு, ஒரு மண்டலத்துல தன்னால வரும்னு பொதுவாச் சொல்லிட்டு வந்துருவோம்’ என்று தாஜா பண்ணிக் கூட்டிவந்தார். வந்து இறங்கினதும் மாவும் கறுப்புத் துணியும் கருப்பட்டிக் காப்பியும் கொண்டுவந்து வைத்தது அந்த அன்னத்தாய்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் சாம்பலும் புளியும் பட்டு வெந்து தோலுரிந்திருந்தது.

“யக்கா, நாந்தான் அண்ணாச்சிகிட்ட ஒங்களக் கூப்பிடச் சொன்னேன்” என்றாள்.

“நீயா?”

“ஆமாக்கா. கொடையில நீங்க எங்க மாமா மடியில இருந்த பொடி டப்பாவக் கண்ணக் கட்டிக்கிட்டே சொன்னீங்கள்லா. நான் பக்கத்துலதான் நின்னேன். புல்லரிச்சுப் போச்சு. சங்கிலி போனதுலேருந்து எல்லாரும் என் மொகத்தையே பாக்காவ. பள்ளிக்கூடத்துல எம் பிள்ளைய களவாணி மவன்னு கூப்பிடுதுவ. யாரு சொல்லியும் கேக்க மாட்டாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எம் மேல உள்ள பழி போயிரும்லா? அதான் அண்ணாச்சி கால்ல விழுந்து கேட்டேன். சரின்னுட்டாவ.”

சரி என்று சொல்லாமல் என்ன செய்வார்? கோழியே வந்து, மசாலை அரைச்சாச்சா என்று கேட்கிறது. எனக்கு அப்போது அவருடைய ஏற்பாடு தெரியாது. பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகப்போகிறோம் என்ற நினைப்பில், ‘கவலைப்படாத’ என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போய்ப் பத்து நிமிஷம் இருக்காது, இந்த மனுஷர் நெல் அறைக் கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பாடம் நடத்துகிறார்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாவை என் கண்ணில் அப்பினார். “சொல்லுவ.”

“சத்தியமாச் சொல்ல மாட்டேன்.”

“இத்தன வருஷத்துல மேடையில ஒரு தடவ தப்பியிருக்கியா? நீ சொல்லாட்டாலும் ஒன் வாய் சொல்லும்” என்று துணியை இறுக்கிக் கட்டினார். அந்த இடத்திலேயே அவர் கையைக் கடித்து வைத்திருக்க வேண்டும். கடிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்று பயந்து போயிருந்தேன்.

முற்றத்தில் நாற்காலியில் உட்கார்த்தினார். மாவு வெயிலில் காய்ந்து இமையைப் பிடித்து இழுத்தது. சாம்பிராணிப் புகை, பிள்ளைகளின் இருமல், அண்ணாச்சியின் வெற்றிலைச் செல்லம் திறக்கிற சத்தம். ‘மகா ஜனங்களே’ என்று அவர் ஆரம்பித்தார். வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் தலையிலும் பிரம்பை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“தாயே, இது கருத்தையா. ஜீப் ஓட்டுதவன். சொல்லு.”

“குத்தமில்ல.”

“இது சமையக்கார முத்துமாலை. சொல்லு.”

“குத்தமில்ல.”

வெறும் ‘சொல்லு’ என்றால் இன்றைக்குக் குற்றமில்லை என்று பாடம். என் வாய் எந்திரம் மாதிரி ஓடியது. ஒவ்வொரு ‘சொல்லு’வுக்கும் அடுத்து அடுத்து என்று வழுக்கிக்கொண்டு போனது. பிறகு காலடிச் சத்தம் நின்றது. புளியும் சாம்பலும் கலந்த வாடை வந்தது.

“தாயே, இது அன்னத்தாயி. பாத்திரம் தேய்க்கவ.” கொஞ்சம் நிறுத்தினார். “நல்லாப் பாத்துச் சொல்லு.”

‘இவ’ என்பது என் பல் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. நாக்கு தானாக மேலே எழும்பியதை நான் உணர்ந்தேன். எவனோ என் வாய்க்குள் கையை விட்டுப் பேசவைக்கிற மாதிரி இருந்தது. நாக்கைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மற்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டு இவளுக்கு மட்டும் சும்மா இருந்தால் அதுவே இவள்தான் என்று ஆகிவிடும்.

“குத்தமில்ல” என்றேன். “இவ மேல ஒரு குத்தமும் இல்ல.”

‘எம்மா!’ என்று அன்னத்தாய் அலறினது கேட்டது. என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ‘அப்பவே சொன்னேம்லா, அவ அப்படிப்பட்டவ இல்லன்னு’ என்று எவளோ ஒருத்தி சொன்னாள். மூன்று வாரம் எங்கே போயிருந்தாளோ, வாக்கு வந்ததும் வாய் வந்துவிட்டது. அண்ணாச்சி கனைத்தார்.

“வே புரொபசரே, என்ன வே இது?”

“அருள் சித்தங் கலங்கியிருக்கு அண்ணாச்சி. இன்னொரு தடவ கேப்போம்” என்றபடி இவர் என் பின்னால் வந்து நின்றார். தோளைத் தடவுகிற மாதிரிக் கையை வைத்து, கட்டைவிரலை எலும்புக்குள் இறக்கினார். “தாயே, நல்லாஆஆப் பாத்துச் சொல்லு.”

அந்த வலியில்தான் எனக்கு விளங்கியது. நான் சொல்லும் வரைக்கும் இவர் விடப்போவதில்லை. இன்றைக்கு முழுக்கக் கேட்பார். என் வாய் ஒரு தடவையாவது தவறும். அவ்வளவுதான், ஆத்திரம் கண்மண் தெரியாமல் வந்தது. துணியைப் பிடித்து உருவினேன். காய்ந்த மாவு இமைமயிரோடு பெயர்ந்து வந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

“அருளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! ‘நல்லாப் பாத்துச் சொல்லு’ன்னா ‘இவதான்’னு நான் சொல்லணும். அண்ணாச்சி சொல்லி, இவரு எனக்குச் சொன்ன பாடம். கொடையில பொடி டப்பாவச் சொன்னதும் இப்படித்தான். இவரு கேக்குத கேள்வியில குறிப்பு இருக்கு. எனக்கு ஒரு எழவும் தெரியாது. எல்லாம் ஏமாத்து! ஒரு ஏழப் பொம்பளயக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல தள்ளதுக்கு எங்கள வச்சு நாடகம் போடுதாவ!”

மூச்சு வாங்கியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையில் என் சொந்தப் பேச்சைப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி அவசரப்படவில்லை. வெற்றிலையைக் கிழித்து, சுண்ணாம்பைத் தடவி, மடித்து வாயில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“கெட்டிக்காரிதான்” என்றார். “நான் சொன்னேங்கத ஒன் புருசன் ஒத்துக்கிடட்டும், பொறவு பாப்போம். அதக்கூட விடு. எல்லாம் ஏமாத்துன்னா, இப்ப குத்தமில்லன்னு சொன்னியே, அதும் ஏமாத்துதான தாயி?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு பிரம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எல, கருத்தையா, வண்டிய எடு” என்றார் அண்ணாச்சி. சனங்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். சற்றுமுன் ‘அப்பவே சொன்னேம்லா’ என்றவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அன்னத்தாய் இன்னும் என் காலடியில்தான் இருந்தாள். அழுகை நின்றிருந்தது. பைய எழுந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறினாள்.

“குத்தமில்லன்னு சொன்னீங்கள்லா. அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா? ஒங்க புருசன் பொண்டாட்டி சண்டைய எந் தலையிலதான் போடணுமா?”

“நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்ட்டி.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? இவியளுக்குத் தெரியணும்லா! ஒரு நிமிசம் எல்லாரும் நம்புனாவ. அதப் பிடுங்கிட்டீங்களே. நல்லாருப்பீங்களா நீங்க?”

கோபம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். என்னுடையதெல்லாம் சும்மா. அவள் உதடு வெளுத்திருந்தது. வாசலில் ஜீப் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. கதவை யாரோ திறந்து வைத்தார்கள். அன்னத்தாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து தரையில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்தாள். ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினாள். ஓங்கி உதறி, நீளவாக்கில் மடித்தாள்.

“கட்டுங்க” என்றாள், கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த சனத்துக்கும் கேட்கிற மாதிரி. “கட்டிக்கிட்டு இன்னொரு தடவ சொல்லுங்க.”

போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்று திரும்பினார்கள். தோலுரிந்த இரண்டு கையாலும் துணியின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து, என் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டு அவள் நின்றாள்.