உப்புப் போட்ட தலை

"ரெண்டு பெக்கட் கடற்பாசி எடுத்து வைங்க, ஜுனைதா. இந்த முறை ஒருத்தருக்கும் குடுக்காதீங்க."

சப்பாத்தை மாட்டிக்கொண்டே என் கணவர் ஹுஸ்னி சொன்னார். கம்பஸுக்குப் போகும் பஸ்ஸில், அக்குறணைக்குக் கிட்ட, அவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

அவரும் அவருடைய மாணவி கிருஷாந்தினியும் மூளையின் சிக்னலைப் பதியும் கருவியொன்று செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சிக்னல் மிகச் சிறியது. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் ஓடினாலே அதன் மின் இரைச்சலில் அமுங்கிவிடும். உண்மையான தலையில் எது மூளை, எது கிரைண்டர் என்று தெரியாது. அதனால் ஒரு பொய்த்தலை: கடற்பாசியை உப்போடு காய்ச்சிக் கிண்ணத்தில் உறையவைத்து, நமக்குத் தெரிந்த அலையொன்றைக் கம்பிவழியே உள்ளே விட வேண்டும். மிகையாக வெளிவருவதெல்லாம் இரைச்சல். காய்ச்சுவது நான். அடுத்த கிழமை பேராசிரியர்கள் பார்க்க வரவிருந்தார்கள். அலை சுத்தமாக வராவிட்டால் வேலையைக் கைவிட வேண்டியதுதான்.

அவர் போவதற்கு முந்தின நாள் ஜிப்ரி மாமா குடும்பத்தோடு நோன்பு துறக்க வந்தார். நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது மாமி ஃப்ரிட்ஜிலிருந்த தலையை, நோன்பு துறக்கச் செய்த இனிப்புக் கடற்பாசி என்று நினைத்து, துண்டுபோட்டுப் பரிமாறிவிட்டார். ஹுஸ்னி தொழுதுவிட்டு வரும்போது நெற்றி மட்டும் மிச்சம்.

"எப்பிடி மாமா?" என்று கேட்டார்.

"நல்லம்." மாமா மூன்றாவது கிளாஸ் தண்ணீரைக் குடித்தார். "நோம்போட ருசி பாக்க ஏலாதுதானே, பாவம்."

"அது தலை மாமா."

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "யார்ட தலை?"

"ஒருத்தர்டயும் இல்ல. ப்ரொஜெக்ட்."

"ஹலால்தானே?"

"கடற்பாசிதான் மாமா."

"அப்ப சரி," என்று மிச்ச நெற்றியையும் எடுத்துக்கொண்டார்.

ஹுஸ்னி போன அடுத்த கிழமை கிருஷாந்தினி அழைத்தாள். "அக்கா, கேக்கவே கூச்சமா இருக்கு. நாங்க காய்ச்சினா உறைய மாட்டேங்குது."

கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருந்தேன். வெளியே போக முடியாது. மாமாதான் கடற்பாசி வாங்கி வந்தார், நான் காய்ச்சியதைக் கொண்டுபோனதும் அவர்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், மடியில் துணி மூடி ஆடிக்கொண்டிருப்பது என்னவென்று சிங்களத்தில் விசாரித்தாராம்.

"தலையெண்டேன்," என்றார் மாமா. "மனிசன் எழும்பிப் போயிட்டான். காலை நீட்டிக்கிட்டுப் போனேன்."

பின்னேரம் கிருஷாந்தினி மறுபடி அழைத்தாள். "சார் போட்டு வெச்ச அலை அப்பிடியே வருது அக்கா. வேற ஒண்ணுமே இல்ல. தொடரச் சொல்லிட்டாங்க."

 

அதற்குப் பிறகு கருவியில் எவ்வளவோ மாற்றிவிட்டார்கள். தலைக்குப் போடும் உப்பு மட்டும் இன்னும் அதே அளவுதான்.