நடுக்கூடம் இறங்கிய விவரம்

1979-ஆம் வருடம் சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரி கட்டிய புது வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். வடக்குச் சுவரை ஒட்டிய பெஞ்சில் வெள்ளியங்கிரி, மடியில் கடிதக் கோப்போடு. எதிரே மடக்கு நாற்காலியில் மைத்துனர் சென்னிமலை. ஊரில் கட்டப்போகும் கல்யாண மண்டபத்தின் கமிட்டியில் அவர் ஓர் ஆள். சமையல்கட்டுக் கதவோரம் வெள்ளியங்கிரியின் மனைவி கண்ணாத்தாள், முறத்தில் துவரையோடு. வாசல் பக்கம் இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் சடையன். பெஞ்சில் இடமிருந்தும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். நடுக்கூடத்தில் யாரும் உட்காரவில்லை. அங்கே தளம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

வெள்ளியங்கிரி பதினொன்றாவது வரை படித்தவர். எண், தேதி, பொருள் மூன்றும் இல்லாமல் எழுதுவது கடிதமே அல்ல என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவர். கண்ணாத்தாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோதுகூட, 'பொருள்: தங்கள் உடல்நலம் குறித்து' என்றுதான் எழுதினார். எழுதுவதற்கெல்லாம் கார்பன் நகல் உண்டு. தளம் இறங்கி, சுவரோரம் விரிசல் கண்டதும், அது வளர்கிறதா என்று பார்க்கக் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டார். கிழியக் கிழியப் புதிது ஒட்டியதில் சுவர் ஓட்டுப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் அவர் மண்டபக் கமிட்டிக்குப் பதினான்காம் எண் கடிதத்தை அனுப்பியிருந்தார். சடையனுக்கு அடித்தள வேலை தெரியாது, மண்டபத்தை வேறு ஆளிடம் விடவும் என்று அதில் இருந்தது. கமிட்டி அன்று மத்தியானம் கூடுகிறது. அதற்கு முன் நேரில் விசாரித்துவிட வந்திருந்தார் சென்னிமலை.

"மண்டப வேல போனாக்கூடப் பரவால்லீங்க," என்றார் சடையன். "சடையன் கட்டுன ஊடு இறங்கிப்போச்சுன்னு பேராச்சுன்னா, மாட்டுக்கொட்டாய் கட்டக்கூட ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க."

"இறங்கித்தானே இருக்குது கொத்தனாரே?"

"புது ஊடுன்னா இறங்கத்தானுங்க செய்யும். உள்ள கொட்டுன மண்ணு ஒரு மழை குடிச்சுத் தானா அமுங்கோணும். அதுக்குப் பொறவுதானுங்க தளம் போடோணும்."

"இத்தனை தெரிஞ்ச ஆளு பின்ன ஏன் முன்னாலயே போட்டீங்க?"

சடையன் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போட்டுட்டனுங்க."

"பாத்தியா மாப்ள! எல்லாத்துக்கும் எங்கிட்ட ஆதாரம் இருக்குது," என்று வெள்ளியங்கிரி கோப்பைப் பிரித்தார். கொத்தனாருக்கு எழுதிய கடிதங்களை முதலாம் எண்ணிலிருந்து குரல் ஏற்றி வாசித்தார். செங்கல், ஜன்னல் உயரம், வாசல் நிலை வைக்கும் நாள் என்று எட்டு வரைக்கும் போனது. ஒன்பதைப் பிரித்ததும் நாக்கு நின்றது.

அதை எழுதியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பாதி தானாக மறந்தது, மீதி அவராக மறந்தது. இரண்டு தாள்களைச் சேர்த்துத் தள்ளி, "பத்தாம் எண்," என்றார்.

"எட்டுக்கப்பறம் பத்துங்களா?" முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள் கண்ணாத்தாள்.

"தாள் ஒட்டிக்கிச்சு."

"ஒட்டிக்கிட்டா எச்சல் தொட்டுப் பிரிங்க."

எண் போடாமல் எழுதும் சாதாரண மனிதனாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். சென்னிமலை எழுந்து வந்து கோப்பை வாங்கிக்கொண்டார்.

"'தேதி 12-12-1977. பொருள்: தளம் போடுதல் குறித்து. மழைக்காலம் வரை காத்திருக்கலாம் என்ற தங்கள் யோசனை ஏற்கப்படவில்லை. இளம்பிள்ளை ஊரில் இருக்கும் சகலை தங்கசாமி தை பத்தாம் தேதி புதுமனை புகுவதால், நாம் ஐந்தாம் தேதியே புகுவது அவசியம். மண்ணுக்குத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கும் வேலையைத் தவிர்த்து உடனே தளம் போடவும். விளைவுக்கு நானே பொறுப்பு.'" கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்தார் சென்னிமலை. நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அது பள்ளத்துப் பக்கமாக நாலு அங்குலம் நகர்ந்தது.

வெள்ளியங்கிரிக்கு அந்த வரியை எழுதிய நாள் நினைவு வந்தது. அர்த்தத்துக்காக எழுதவில்லை; கம்பீரமாக இருந்தது, எழுதினார்.

"அந்தத் தங்கசாமி மச்சான் தையில குடி போவவே இல்லியே! மண்ணு அமுங்கட்டும்னு அடுத்த வருசத்துக்குத் தள்ளிட்டாரு," என்றார் சென்னிமலை.

"எந் தங்கச்சி ஊட்டுல எலுமிச்சம்பழத்தை வெச்சா வெச்ச எடத்துல நிக்குது," என்றாள் கண்ணாத்தாள். "நம்மூட்டுல எங்க வெச்சாலும் நடுக்கூடத்துக்குப் பஞ்சாயத்துக்கு வந்துருது."

"கொத்தனாரே, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?" வெள்ளியங்கிரியின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்களே வரிசையாப் படிக்கறீங்களே, அதுவும் வருமின்னு இருந்தனுங்க."

வெள்ளியங்கிரிக்கு வசவு வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஆதாரம் ஆதாரம் என்று ஒன்றரை வருடம் பூட்டி வைத்துக் காத்தது தன் சொந்தக் குற்றப்பத்திரிகையை, அதுவும் ஓரம் விட்டு, அழகான கையெழுத்தில்!

கமிட்டிக்குப் புதுக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தார். 'மண்ணின் இயல்பு காரணமாகத் தளம் இறங்க நேர்ந்தது' என்று ஆரம்பித்து வாசித்துக் காட்டினார்.

"இப்ப மண்ணு மேலயா பிராது?" என்றாள் கண்ணாத்தாள்.

அடித்துவிட்டு, 'இரு தரப்பிலும் ஏற்பட்ட அவசரத்தால்' என்றார்.

"நான் அவசரப்படலீங்களே," என்றார் சடையன் மெதுவாக.

மூன்றாவது தாளில், வாழ்நாளிலேயே சின்னக் கடிதத்தை வெள்ளியங்கிரி எழுதினார்: 'நான் சகலையை முந்த அவசரப்பட்டேன். கொத்தனார் பேச்சைக் கேட்கவில்லை. சென்ற வாரம் நான் எழுதியது தவறு. மண்டபத்தைச் சடையனிடமே கொடுக்கவும். அவர் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கவும்.'

சென்னிமலை வாசித்துத் தலையாட்டினார். சடையனுக்கும் வாசித்துக் காட்டினார். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "தளத்தைப் பேத்து, தண்ணி உட்டு மண்ணை இடிச்சுப் போட்டா இந்தக் கூடமும் நின்னுருமுங்க. ஆனி போவட்டும்," என்றார்.

"எப்பச் சொல்றீங்களோ அப்பங்க," என்றார் வெள்ளியங்கிரி. கொத்தனாருக்கு 'ங்க' போட்டது அவருக்கே புதிதாக இருந்தது.

உறையில் கமிட்டித் தலைவர் பெயரை எழுதி முடித்ததும், ஒரு பின்குறிப்பு மட்டும் சேர்த்தால் தன் பக்கத்து நியாயமும் கொஞ்சம் விளங்குமே என்று கை துறுதுறுத்தது. தாளை மறுபடி பிரிக்கப் போனார்.

கண்ணாத்தாள் அதைப் பிடுங்கி மடித்து உறைக்குள் போட்டாள். பழைய சோற்றில் இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டி, பெஞ்சின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு தம்பியின் சட்டைப் பையில் தானே செருகினாள்.

"வாரேனுங்க மச்சான்," என்று சென்னிமலை சைக்கிளில் ஏறினார். "ஒரு நிமிசம் மாப்ள..." என்று வெள்ளியங்கிரி வாசலுக்கு வருவதற்குள் வண்டி வாய்க்கால் மேட்டைத் தாண்டிவிட்டது.