உபயம்: மு. முத்தரசு

முதலில் வந்தது மின்விசிறியா சுவர்க்கடிகாரமா என்று இன்றைக்கு மாரீஸ்வரியைக் கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டாள். இதைச் சொல்கிற எனக்கும் அதே நிலைதான். அவள் ஒருமுறை சொன்னபோது அது கோடையாக இருந்தது. இன்னொரு முறை சொன்னபோது வெளியே மழை பெய்தது. முத்தரசு பேசிய வார்த்தைகள் மட்டும் இரண்டு முறையும் மாறவில்லை. அந்த நம்பிக்கையில்தான் சொல்கிறேன்.

காரைக்குடியில் மாரீஸ்வரியின் அப்பா மரப்பட்டறை வைத்திருந்த ஓட்டுக் கொட்டகையை, அவர் காலமான பிறகு அவளும் வங்கியில் வேலை பார்த்த நண்பன் உதயகுமாரும் சேர்ந்து ஒரு சின்ன அரங்காக்கியிருந்தார்கள். ஞாயிறு மாலையில் படம் போடுவார்கள். பெரிய தியேட்டர்கள் தொடாத படங்கள், பாதிக்கு மேல் வேற்றுமொழி. மற்ற நாட்களில் நாடக ஒத்திகை நடக்கும். திரை வாங்க வழியில்லாமல் கோடிச் சுவரையே வழவழவென்று பூசி வெள்ளையடித்திருந்தார்கள். ஆண்டுக்கொருமுறை வந்த கலை மானியத்தில் வண்டி ஓடியது.

ஒரு வருடம் மானியம் வரவில்லை. மறுவருடம், இனி வராது என்று பதில் வந்தது. அதே சமயத்தில் கட்டடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, பழைய வயரிங்கை முழுசாக மாற்றினால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரிடம் கேட்போம் என்றாள் மாரீஸ்வரி. ஊரும் கை விரிக்கவில்லை. கோவிலுக்குக் கொடுத்துப் பழகிய கைகள் அவை. அந்தப் பழக்கத்திலேயே கொடுத்தன. இறக்கைக்கு இறக்கை பெயர் எழுதிய மின்விசிறிகள் வந்தன. முதுகில் பெயர் வெட்டிய இரும்பு நாற்காலிகள் வந்தன. முள்ளே தெரியாத அளவுக்குக் குடும்பம் முழுவதையும் எழுதிய கடிகாரங்கள் வந்தன. எல்லாவற்றிலும் 'உபயம்'.

"வயரிங்குக்குத்தானேடா கேட்டோம்?" என்றாள்.

"சுவத்துக்குள்ள ஓடுற வயருல யாரு பேர எழுதுறதுக்கா?" என்றான் உதயகுமார். "ஒண்ணு செய்வமா? கரண்ட் இல்லாத காத்தாடிக்கு அடியில, ஓடாத கடியாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். டிக்கெட் போட்டா நாலு பேரு வருவாக."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கொட்டகை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

முத்தரசு வந்தது அதற்குப் பிறகு. கல்லல் பக்கம் வயலும் ஊருக்குள் சிமெண்ட் கடையும் உள்ளவர். அவருடைய ஒரே மகன் கோபிநாத் இந்தக் கொட்டகையில்தான் நாடகம் பழகினான். முந்தின வருடம் திருப்பத்தூர் சாலையில் பைக் விபத்தில் இறந்துபோனான். மகன் உயிரோடு இருந்தவரை அவர் இந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை.

கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வயரிங் பூராவும் நான் செஞ்சு தாரேன் தாயி. பயலோட பேரு மட்டும் எழுதணும்."

"வாசல்ல கல்லுல பொறிச்சு வச்சிடுறோம்யா."

"வாசல்ல செருப்புல்ல கெடக்கும்."

"அப்ப எங்கய்யா?"

அவர் கோடிச் சுவரைக் காட்டினார். "வாரவுக எல்லாம் எங்குட்டுப் பாக்குறாகளோ, அங்குட்டு."

உதயகுமார் வாயைத் திறந்தான். மாரீஸ்வரி அவன் கையை அழுத்தினாள். நடுச்சுவரில் வேண்டாம், அடியில் எழுதிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தாள். "அடியிலயா?" என்றார். சுவரின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "சரி. ஆனா பெருசா இருக்கட்டும்."

எழுதியது பெயிண்டர் சோணை. நீல எனாமலில், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்: மு. கோபிநாத் நினைவாக. அதன் கீழே தோற்றம், மறைவு. கடைசியில் உபயம்.

வேற்றுமொழிப் படங்களின் வசனம் அடியில்தான் எழுத்தாக ஓடும் என்பது, எத்தனையோ வருடம் படம் போட்ட மாரீஸ்வரிக்கு அன்று தோன்றவே இல்லை.

புது வயரிங்கில் முதல் படம் போட்டபோது வசனம் முழுவதும் கோபிநாத்தின் மேல் விழுந்தது. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. படத்தை மேலே ஏற்றினால் ஓட்டுச் சரிவில் ஆட்களின் தலை மடிந்தது. சுருக்கினால் பின்வரிசைக்கு முகம் தெரியவில்லை. தமிழ்ப்படம் போட்டாலும், ஆடுகிறவர் காலடியில் ஒரு இறந்த தேதி கிடந்தது. "எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு நாடகப் பிள்ளைகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொருவராக மற்றவர்களும் நின்றார்கள்.

முத்தரசு மட்டும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. முன்வரிசையில் உட்காருவார். படத்தைப் பார்க்க மாட்டார். வெளிச்சமான காட்சி வந்தால் எழுத்து மின்னும்; அவர் முகம் தெளியும். இரவுக் காட்சி வந்தால் எழுத்து மறைந்துவிடும்; நாற்காலியில் நெளிவார். "படத்துல எதுக்கும்மா இம்புட்டு இருட்டு?" என்று ஒருநாள் கேட்டார்.

"அக்கா, அழிச்சிடுங்க" என்றான் உதயகுமார். "அவரு கோபப்பட்டா நான் கால்ல விழுறேன். ஒருநாள் கோபம். இல்லாட்டி இந்த எடமே இல்ல."

அவன் சொன்னது சரி. அவளுக்கும் தெரியும். ஒரு மத்தியானம் வாளியில் வெள்ளை கலந்து, அகலத் தூரிகையோடு சுவர் முன்னால் நின்றாள். மேலிருந்து அடித்துக்கொண்டு வந்தாள். எழுத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அன்று ஞாயிறுகூட இல்லை. முத்தரசு உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளையடிக்கிறியா தாயி?"

"ஆமாய்யா."

"நல்லாச் செய்யி. அழுக்கேறித்தான் போச்சு." நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "எழுத்துல மட்டும் படாமப் பாத்துக்க."

தூரிகையிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் பழைய பெட்டியிலிருந்து வார்னிஷ் அடிக்கிற சின்னத் தூரிகையைத் தேடி எடுத்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, 'கோ'வின் கொம்பைச் சுற்றி ஆரம்பித்தாள். ஒரு துளிகூட எழுத்தில் படவில்லை. முடித்தபோது, புது வெள்ளையில் அந்த நீலம் முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உதயகுமார் செருப்பை மாட்டிக்கொண்டான்.

பிறகு அவன் மாற்றல் கேட்டுச் சேலம் போனான், இருவரும் பேசுவது நின்றுவிட்டது. முத்தரசைத் தவிர யாரும் வராத ஞாயிறுகள் சில ஓடின. அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த வாரத்தோடு படம் நின்றது. அவர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். மின்விசிறிகளும் கடிகாரங்களும் ஒரு கோவிலுக்குப் போயின. கொட்டகையைக் கானாடுகாத்தானில் ஓட்டல் நடத்துகிற ஒருவர் பழைய சாமான் போட வாடகைக்கு எடுத்திருக்கிறார். மாரீஸ்வரி ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. சுவரில் அந்தப் பெயர் இருக்கிறது. முன்னால் அலமாரிகளை அடுக்கிவிட்டதால் தெரிவதில்லை.