வெங்காய மூட்டைமேல் போன மோரிஸ் மைனர்

1

இந்தக் கதை எனக்குத் திருச்சி பாலக்கரையில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் இரண்டாம் தடவையாகக் கத்திரிக்காய் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நம்ம ஊர்ப் பொம்பளை ஒருத்தவங்க, வெங்காய மூட்டை மேல காரை ஏத்தி சிலோனுக்கு அனுப்பினாங்க, தெரியுமா?" யார், ஏன் என்று நான் கேட்பதற்குள் கை கழுவ எழுந்து போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. ஆகவே இதில் வெங்காயம் மட்டும் அவருடையது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"1957 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கடல் அமைதியாக—" (கதைகளில் கடல் ஒன்று அமைதியாக இருக்கும், இல்லாவிட்டால் கொந்தளிக்கும். அடித்துவிட்டேன்.)

"ஜஹானாராவின் இடது கால் மூன்று வயதிலேயே—" (காலில் தொடங்கினால் நீங்கள் உடனே இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது. இதையும் அடித்தேன்.)

"'அங்க போயி வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்குவோம்' என்றார் ஹபீபுல்லா."

இது நிற்கட்டும். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

2

ஹபீபுல்லா ஜஹானாராவின் அண்ணன். அத்தா காலமான பிறகு தோல்மண்டியை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். அவர் மண்டியில் உட்கார்ந்திருப்பார். அவள் சந்தை சந்தையாகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி வருவாள். துறையூர்ச் சந்தையில் அவளுடைய சாம்பல் நிற மோரிஸ் மைனர் வந்து நின்றால் வியாபாரிகள் மட்டமான தோலை அடியில் தள்ளுவார்கள். கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி இறங்கி, அவள் முதலில் அந்த அடித்தோலைத்தான் உருவுவாள்.

இளம்பிள்ளைவாதம் வந்த இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாது. அதனால் ஸ்ரீரங்கத்து மெக்கானிக் அழகிரி, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல ஒரு கிளட்ச் பிடியைச் செய்து கியர் கம்பியிலேயே பொருத்திக் கொடுத்திருந்தான். இடது கையால் பிடியை அழுத்திக்கொண்டு அதே கையால் கியர் மாற்ற வேண்டும். சின்ன வயதிலிருந்து கைத்தடி பிடித்த கை. அந்தப் பிடியை ஹபீபுல்லா ஒரு நாள் அழுத்திப் பார்த்துவிட்டு, விரல்களை உதறிக்கொண்டே இறங்கினார்.

இவர்களின் தங்கை ஜீனத்தைச் சிலோனில், பதுளையில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் சலாமுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பத்து வருஷமாகப் பிள்ளை இல்லாமலிருந்து இப்போது ஒரு பெண் பிறந்திருந்தாள். பேர் வைக்க அக்காதான் வர வேண்டும், அதுவரைக்கும் பிள்ளை 'பாப்பா'தான் என்று ஜீனத் சொல்லியனுப்பினாள்.

"ரயில்ல தனுஷ்கோடி, கப்பல்ல தலைமன்னார், மறுபடி ரயில்ல கொழும்பு" என்றார் ஹபீபுல்லா. "அங்க டிரைவரோட வண்டி வாடகைக்குக் கெடைக்குது. மலை ரோடு அவனுக்குப் பழக்கமா இருக்கும். ரிப்பேர் ஆனா அவன் பாடு. நம்ம வண்டியைக் கடல்ல அனுப்பி, உப்புத் தண்ணி பட்டு, சுங்கத்துல நின்னு, எதுக்கும்மா இந்தத் தலைவலி?"

(ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் ஹபீபுல்லா கட்சிதான். வெளிநாட்டில் ஊர் சுற்ற வண்டியைக் கொண்டுபோவதா, அங்கே எடுப்பதா என்று யார் என்னைக் கேட்டாலும், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தக் கதையை அந்தப் பக்கமே எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எழுதியிருந்தால் அவள் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தேயிலைத் தோட்டம் பார்த்திருப்பாள். கதை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.)

ஜஹானாரா டீயைக் கீழே வைத்தாள்.

"வண்டி வாடகைக்குக் கெடைக்கும். காலு வாடகைக்குக் கெடைக்குமாண்ணே?"

ஹபீபுல்லா தன் டீ டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"நிக்காஹ் முடிஞ்சு ஜீனத் அழுதுக்கிட்டே போனப்ப என்னை ரெண்டு பேரு தூக்கித்தான் ஸ்டேஷன்ல எறக்கினாங்க. அவ என்னை அப்படித்தான் கடைசியாப் பாத்தா. இப்ப அவ வாசல்ல போயி நான் எறங்கணும், நான் ஓட்டிக்கிட்டுப் போயி. இல்லைன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"ஏறி எறங்குறதெல்லாம் மலை. நம்ம ஊர்ல மலைக்கோட்டையை விட்டா மேடு ஏது?"

"பச்சைமலை அடிவாரத்துக்கு வாரா வாரம் யாரு போறது? நீங்களா?"

3

வண்டியை அனுப்ப வழி தேடியபோதுதான் ஹபீபுல்லாவுக்கு நம்பிக்கை வந்தது, இது நடக்காது என்று. நீராவிக் கப்பலில் ஏற்ற வேண்டுமானால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு பாய்மரத் தோணிகள் போய்வந்தன. தோல் வியாபாரத்தில் பழகிய ஒருவர் மூலம் அவள் ஒரு தோணியைப் பிடித்தாள். அதன் பெயர் 'பாக்கியமேரி'. தண்டல், அதாவது தோணியின் தலைவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூலியாட்கள் காரைத் தொட மாட்டார்கள். பலகை போட்டுத் தருவோம், மேலே ஏற்றுவது உங்கள் பொறுப்பு.

அழகிரிக்கு இதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. அவன் சும்மாவே தன் பெருமையைத் தானே பேசுகிறவன். அம்மா மண்டபம் சாலையில் இருந்த தன் ஷெட் வாசலில், சாக்கடைக் குழிக்குமேல் இரண்டு பலகைகளைப் போட்டான்.

"ஏறுங்கம்மா. அழகிரி வச்ச கிளட்ச் சறுக்காது. சறுக்குச்சுன்னா நான் மீசையை எடுத்துர்றேன்."

முதல் நாள் பின் சக்கரம் குழிக்குள் இறங்கிவிட்டது. அவன் மீசை பிழைத்தது, ஏனென்றால் தவறு கிளட்சில் இல்லை, ஸ்டியரிங்கில். காவிரியில் தீர்த்தமாடிவிட்டு ஈர வேஷ்டியோடு வந்த ஒரு ஐயங்கார் நின்று பார்த்தார்.

"என்னடாப்பா அழகிரி, நடுவீதில அக்கப்போர்? யாரு இந்தப் பொண்ணு?"

"சிலோனுக்குப் போறாங்க சாமி. கார்ல."

"கார்லயா? நன்னாருக்கு! அனுமாருக்கே தாவ வேண்டியிருந்துது" என்று சிரித்தவர் போகவில்லை. அவள் மறுபடி ஏற்றி, நேராக அந்தப் பக்கம் இறங்கும்வரை நின்றிருந்துவிட்டு, "பேஷ்! க்ஷேமமா போயிட்டு வாம்மா, பெருமாள் துணை" என்றார்.

4

தூத்துக்குடித் துறை. கடல் பொங்கி, தோணியின் விளிம்பும் துறைமேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தோணியின் வயிற்றில் வெங்காய மூட்டைகளை நிரவி அடுக்கி, மேலே கனத்த பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். துறைமேடையிலிருந்து அதன்மேல் ஏற இரண்டு பலகைகள். குழிக்குமேல் போட்டவற்றைவிட அகலம்தான். ஆனால் அழகிரியின் சாக்கடை அசையவில்லை. இது அசைந்தது.

தண்டல், கூடவே வந்திருந்த அழகிரியைப் பார்த்து, "ஏறும்யா, தண்ணி வடியறதுக்குள்ள" என்றார்.

"நான் இல்லை. இவங்க" என்றான் அழகிரி.

தண்டல் கைத்தடியைப் பார்த்தார். "ஏம்மா, நீங்களா ஓட்டப் போறிய?"

"நாந்தான். தோணி உங்க பக்கம் சாயும்போது சொல்லுங்க, நிமிரும்போது சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்."

ஹபீபுல்லா கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதினார். அதனால் அவரால் இந்தக் காட்சியை எனக்குச் சொல்ல முடியாது. நான் தண்டல் பக்கம் நின்று பார்க்கிறேன். சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. "இப்ப வாங்கம்மா!" என்று அவர் கத்தியதும் அவள் பிடியை மெல்ல விட்டாள். முன் சக்கரங்கள் பலகையில் ஏறின. பலகை முனகியது. பின் சக்கரங்களும் ஏறின. நாலு சக்கரமும் நிலத்தில் இல்லாத ஒரு கணம் வந்தது, போனது. மோரிஸ் மைனர் வெங்காயத்துக்குமேல் நின்றது.

கூலியாட்கள் கைதட்டினார்கள். அழகிரி தான்தான் ஓட்டியதுபோல நாலு திசைக்கும் கும்பிடு போட்டான். தண்டல் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, "முப்பது வருசமா தோணி ஓட்டுதேன். இப்படிச் சரக்கு ஏறுனதில்ல" என்றார்.

5

இங்கே என் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். இதுவரை படித்துவிட்டு, "எல்லாம் நல்லபடியாவே போகுதேய்யா. மலையில கிளட்ச் கம்பி அறுந்தாத்தான் கதை" என்றார். நானும் எழுதிப் பார்த்தேன்.

"ஹப்புத்தளை ஏற்றத்தில், மூடுபனி இறங்கிய நேரத்தில், கம்பி பட்டென்று அறு—"

முடிக்க முடியவில்லை. அவளுக்குத் துன்பம் தெரியாது என்பதால் அல்ல. முப்பது வருஷம் துன்பம் பார்த்தாகிவிட்டது. என் கதை விறுவிறுப்பாக வேண்டும் என்பதற்காக இன்னொன்றை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தவிர, அழகிரி சண்டைக்கு வருவான்.

அதனால் நடந்தது இதுதான். அண்ணனும் தங்கையும் ரயிலிலும் கப்பலிலுமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். சில நாள் துறைமுகத்துக்கு நடையாக நடந்த பிறகு 'பாக்கியமேரி' வந்தது. வண்டி முழுக்க வெங்காய வாடை, வேறு சேதம் இல்லை. இரத்தினபுரி வழியாக மலைக்குப் புறப்பட்டார்கள். ஹபீபுல்லா தன் காலடியில் ஒரு பெரிய கருங்கல்லை வைத்துக்கொண்டார். ஏற்றத்தில் வண்டி நின்ற போதெல்லாம் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். அவள் கிளப்பியதும் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுவார்.

ஹப்புத்தளைக்குக் கீழே, ஒரு கொண்டைஊசி வளைவில் தேயிலை லாரி ஒன்று குறுக்கே மாட்டி நின்றது. லாரிக்குப் பின்னால் நாலைந்து வண்டிகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பனி நிறைந்த பள்ளம். லாரிக்கு இடம் விட அவள் பின்னால் போக வேண்டும், பிறகு நின்ற இடத்திலிருந்தே அந்தச் செங்குத்தில் கிளப்ப வேண்டும். ஹபீபுல்லா கல்லோடு இறங்கினார்.

"கல்லெல்லாம் வேணாம். ஏறுங்கண்ணே."

"நீ பேசாம இரு. நான் அண்டை குடுக்குறேன்."

அவள் பின்னால் போய் இடம் விட்டதும் லாரியும் அதன் பின்னால் நின்ற வண்டிகளும் கீழே இறங்கிப் போயின. வலது கையால் ஸ்டியரிங், இடது கையில் பிடியும் கியரும், வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல் முன்னால் பாய்ந்தது. வளைவைத் தாண்டியது, அடுத்ததையும் தாண்டியது. நடுவில் நிறுத்தினால் வேகம் போய்விடும் என்று அவள் நிறுத்தவே இல்லை.

ஹபீபுல்லா கல்லும் கையுமாக நின்றார். பிறகு கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தார். மேலே சமதரையில் வண்டி நின்றிருந்தது. மூச்சு வாங்க அவர் வந்து சேர்ந்தபோது, ஜஹானாரா முன் கதவை உள்ளிருந்தபடியே திறந்துவிட்டாள்.

"கால் வலிக்குதாண்ணே?"

அவர் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பினால் வந்த நீர்தானா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6

பதுளையில் துணிக்கடை வாசலில் வண்டி நின்றதும் அப்துல் சலாம் ஓடிவந்து, மரியாதையாகப் பின் கதவைத் திறந்தார். அங்கே பெட்டிகள்தான் இருந்தன.

"என்ன மச்சான், ஜஹானாரா மச்சி வரலையா? டிரைவரு பொம்பளையா இருக்கு?"

மாடி ஜன்னலில் பிள்ளையோடு நின்ற ஜீனத்துக்கு அந்தக் குழப்பமே இல்லை. "அக்கா! அக்காதான் ஓட்டிட்டு வந்திருக்கு!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். எதிர்க்கடை, பக்கத்துக்கடை, பேக்கரி எல்லாம் வெளியே வந்துவிட்டன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஜஹானாரா கதவைத் திறந்து, தடியை ஊன்றி, யார் கையும் படாமல் இறங்கினாள். பிள்ளையை வாங்கி அதன் காதருகே ஒரு பேர் சொன்னாள். கூட்டத்தின் சத்தத்தில் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. ஜீனத்துக்குக் கேட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அது போதும்.

7

இங்கே முடித்துவிடலாம். என் நண்பர்கூட இப்போது ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு வாரம் விருந்து சாப்பிட்ட பிறகு, ஒரு காலை வேளையில் அவர்கள் பதுளையை விட்டுப் புறப்படுகிறார்கள். ஊர் எல்லையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வந்த வழி. கொழும்பு, துறைமுகம், திருச்சி, தோல்மண்டி. இன்னொன்று கிழக்கே மலையிறங்கி, அவர்கள் இதுவரை பார்த்திராத மட்டக்களப்புக் கடற்கரைக்குப் போகிறது.

வண்டியைத் தீவு முழுக்க ஓட்ட அனுமதி இருக்கிறது. பெட்ரோல் நிரம்பியிருக்கிறது. மண்டியில் வேலை குவிந்து கிடக்கும், அதுவும் உண்மை.

கையில் கல் எதுவும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹபீபுல்லா கேட்கிறார்: "எந்தப் பக்கம்மா?"

எந்தப் பக்கம் என்று நான் எழுதப் போவதில்லை. அவள் பிடியை அழுத்தி முதல் கியர் போட்டுவிட்டாள். பேனாவை இங்கே வைக்கிறேன். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.